மெசின் ஹெட் (இசைத்தொகுப்பு)

மெசின் ஹெட் என்பது டீப் பர்ப்பிள் என்னும் இங்கிலாந்து நாட்டு ராக் இசைக்குழுவின் ஆறாவது இசைத்தொகுப்பு ஆகும். இது 1971 டிசம்பரில் சுவிட்சர்லாந்தின் மொன்ட்ரோ நகரில் ஒலிப்பதிவு செய்யப்பட்டு, 1972 மார்ச்சில் வெளியிடப்பட்டது. ஏழு பாடல்களைக் கொண்ட இத்தொகுப்பின் மொத்த நேரம் ஏறத்தாழ 37 நிமிடங்கள். வன் ராக் (ஹார்ட் ராக்) எனப்படும் இசைவகையின் அடிப்படைத் தொகுப்புகளுள் ஒன்றாக இது கருதப்படுகிறது. இதில் இடம்பெற்ற "ஸ்மோக் ஆன் த வாட்டர்" (நீரின் மேல் புகை) என்னும் பாடலின் தொடக்க இசை, ராக் இசையைக் கேட்டறியாதவர்களுக்கும் அறிமுகமானது.

இத்தொகுப்பு பெரும்பாலும் அந்த ஒரு பாடலாலேயே நினைக்கப்படுகிறது. வன் ராக் இசையோ பழக்கமில்லாத செவிகளுக்கு வெறும் இரைச்சலாகவே படுகிறது. இவ்விரண்டு காரணங்களாலும் தொகுப்பின் உள்ளமைப்பு கவனிக்கப்படாமல் போவதுண்டு. ஐந்து கலைஞர்களும் ஏறக்குறைய சமமான இடத்தைப் பெற்று, ஒருவருக்கொருவர் விடை சொல்லிக்கொண்டு இசைக்கும் முறையே இத்தொகுப்பின் உண்மையான வலிமையாகும். கச்சேரி கேட்டுப் பழகியவர்களுக்கு இம்முறை முற்றிலும் அந்நியமானதன்று.

பெயர்

"மெசின் ஹெட்" என்பது கித்தாரின் தலைப்பகுதியில் உள்ள, கம்பியை முறுக்கிச் சுருதி சேர்க்கும் பல்சக்கரத் திருகைக் குறிக்கும் ஆங்கிலச் சொல்லாகும். வீணையில் பிரடை செய்யும் வேலையைக் கித்தாரில் இது செய்கிறது. தொகுப்பின் முன்னட்டையில், குழுவின் பெயரும் தொகுப்பின் பெயரும் பொறிக்கப்பட்ட பளபளப்பான உலோகத் தகட்டில் ஐவரின் உருவங்களும் நெளிந்து தெரிகின்றன. பின்னட்டையில் கித்தார்த் திருகின் படம் உள்ளது.

இசைக்கலைஞர்கள்

* இயன் கில்லன் - குரலிசை, ஆர்மோனிகா
* ரிட்சி பிளாக்மோர் - மின்கித்தார்
* ஜான் லார்ட் - ஆமண்ட் ஆர்கன், பிற விசைப்பலகைக் கருவிகள்
* ரோஜர் குளோவர் - பேஸ் கித்தார்
* இயன் பெய்ஸ் - டிரம்ஸ்

ஒலிப்பதிவுப் பொறியாளர் மார்ட்டின் பிர்ச். இவர் பின்னாளில் அயர்ன் மெய்டன் உள்ளிட்ட பல குழுக்களின் தொகுப்புகளை உருவாக்கினார். ஏழு பாடல்களும் ஐவரின் பெயரிலும் கூட்டாகவே பதிவாகியுள்ளன.

பின்னணி

டீப் பர்ப்பிள் 1968-இல் தொடங்கப்பட்டது. 1969-இல் கில்லனும் குளோவரும் சேர்ந்த பின்னரே குழு தன் உருவை அடைந்தது. அவ்வாண்டு ஜான் லார்ட் எழுதிய, ராக் குழுவுக்கும் முழுச் சேர்ந்திசைக் குழுவுக்குமான ஒரு கான்செர்ட்டோ இலண்டன் ராயல் ஆல்பர்ட் மண்டபத்தில் அரங்கேறியது. அதற்கு நேர்மாறான வன்மையுடன் "இன் ராக்" (1970) தொகுப்பு வந்தது. அடுத்த தொகுப்பான "ஃபயர்பால்" (1971), இசைப்பயணங்களுக்கு இடையே கிடைத்த ஓய்வு நாட்களில் துண்டு துண்டாகப் பதிவு செய்யப்பட்டது.

மேடையில் தாங்கள் எழுப்பும் ஒலி, ஒலிப்பதிவுக் கூடத்தில் கிடைப்பதில்லை என்பது குழுவினரின் நீண்டநாள் குறையாக இருந்தது. கூடங்கள் எதிரொலி இல்லாதவாறு பஞ்சும் துணியும் பொதிந்து கட்டப்பட்டவை. அங்கே ஒவ்வொரு கருவியும் தனித்தனியே துல்லியமாகப் பதிவாகும். ஆனால் ஐந்தும் ஓர் அறையின் காற்றில் கலந்து எழும் ஒலி கிடைக்காது. எனவே அடுத்த தொகுப்பை ஓர் அரங்கில் பதிவு செய்வதெனக் குழு முடிவு செய்தது.

1971 இலையுதிர் காலத்தில் கில்லனுக்கு மஞ்சள் காமாலை கண்டதால் அமெரிக்கப் பயணம் நிறுத்தப்பட்டது. டிசம்பர் தொடக்கத்தில் குழு ஜெனீவா ஏரிக்கரையிலுள்ள மொன்ட்ரோவுக்குச் சென்றது. ரோலிங் ஸ்டோன்ஸ் குழுவுக்குச் சொந்தமான நடமாடும் ஒலிப்பதிவு வண்டி வாடகைக்கு எடுக்கப்பட்டது. குளிர்காலத்தில் மூடப்படவிருந்த மொன்ட்ரோ கேளிக்கை மாளிகையின் (காசினோ) அரங்கில் பதிவு செய்வது திட்டம்.

மொன்ட்ரோ தீவிபத்து

மாளிகை மூடப்படுவதற்கு முன் இறுதி நிகழ்ச்சியாக, 1971 டிசம்பர் 4 அன்று அமெரிக்க இசைக்கலைஞர் ஃபிராங்க் ஸாப்பாவின் குழு அங்கு இசைத்தது. நிகழ்ச்சியின் நடுவே பார்வையாளர் ஒருவர் ஒளிவெடித் துப்பாக்கியைக் கூரையை நோக்கிச் சுட்டார். கூரை தீப்பற்றி, மாளிகை முழுவதும் எரிந்தது. மொன்ட்ரோ ஜாஸ் விழாவை 1967-இல் தொடங்கியவரான குளோட் நோப்ஸ், உள்ளே சிக்கியவர்களை வெளியேற்ற உதவினார். உயிரிழப்பு ஏதும் நேரவில்லை. ஸாப்பா குழுவின் கருவிகள் அனைத்தும் சாம்பலாயின.

எரியும் மாளிகையிலிருந்து எழுந்த புகை ஏரியின் மேல் படர்ந்ததை டீப் பர்ப்பிள் குழுவினர் கரையிலிருந்து கண்டனர். சில நாட்களுக்குப் பின் உறக்கத்திலிருந்து விழித்த ரோஜர் குளோவரின் வாயில் "ஸ்மோக் ஆன் த வாட்டர்" என்னும் சொற்றொடர் வந்தது. அது போதைப்பொருளைக் குறிப்பதுபோல ஒலிப்பதாகக் கருதி, முதலில் அதைப் பாடலாக்க அவர்கள் தயங்கினர்.

ஒலிப்பதிவு

அரங்கை இழந்த குழுவுக்கு நோப்ஸ், நகரின் நடுவிலிருந்த பெவிலியன் என்னும் பழைய நாடக அரங்கை ஏற்பாடு செய்து தந்தார். முதல் நாள் இரவிலேயே அக்கம்பக்கத்தார் இரைச்சல் தாளாமல் முறையிட, காவலர்கள் வந்து கதவைத் தட்டினர். உதவியாளர்கள் கதவை அழுத்திப் பிடித்துக்கொண்டிருக்க, உள்ளே ஒரு பாடலின் பின்னணி இசை பதிவாகி முடிந்தது. அதன் பிறகு குழு வெளியேற்றப்பட்டது. அந்தப் பின்னணி இசைக்கு அப்பொழுது பெயரும் இல்லை, சொற்களும் இல்லை.

அடுத்துக் கிடைத்த இடம், குளிர்காலத்துக்காக மூடப்பட்டிருந்த கிராண்ட் ஓட்டல். அதன் கீழ்த்தளத்துத் தாழ்வாரம் ஒலிப்பதிவுக் கூடமாக மாற்றப்பட்டது. ஓட்டல் மெத்தைகள் சுவர்களில் சாய்த்து வைக்கப்பட்டு, கருவிகளின் ஒலி ஒன்றோடொன்று மிகுதியாகக் கலக்காமல் தடுக்கப்பட்டது. வெளியே நின்ற வண்டிக்குக் கம்பிவடங்கள் இழுக்கப்பட்டன. பதிவானதைக் கேட்க வேண்டுமானால் அறைகள், மாடங்கள், படிக்கட்டுகள் எல்லாவற்றையும் கடந்து குளிரில் வண்டிவரை சென்று திரும்ப வேண்டும். சில முறை சென்றபின் அவர்கள் அப்பழக்கத்தைக் கைவிட்டனர். ஒரு பாடலைச் சிறப்பாக வாசித்துவிட்டோம் என்று தோன்றினால், அடுத்த பாடலுக்குச் சென்றனர்.

இந்த வசதிக்குறைவே தொகுப்புக்கு நன்மையாக முடிந்தது. ஒவ்வொரு பகுதியையும் கேட்டுக் கேட்டுத் திருத்தும் வாய்ப்பு இல்லாததால், மேடையில் வாசிப்பதுபோல ஒருவரையொருவர் பார்த்து வாசித்தனர். தாழ்வாரச் சுவர்களின் எதிரொலி குறிப்பாக டிரம்ஸ் ஒலியில் தெரிகிறது. ஏறத்தாழ இரண்டு வாரங்களில் பதிவு முடிந்தது.

இறுதியில் இசைத்தட்டை நிரப்ப ஒரு பாடல் குறைந்தது. பெவிலியனில் பதிவான பின்னணி இசை அப்பொழுதுதான் நினைவுக்கு வந்தது. தீவிபத்து முதல் கிராண்ட் ஓட்டல் வரை நடந்தவற்றை அப்படியே சொற்களாக எழுதிப் பாடினர். நோப்ஸும் அப்பாடலில் பெயர் சொல்லிக் குறிக்கப்படுகிறார். இவ்வாறு இடத்தை நிரப்ப வந்த பாடலே தொகுப்பின் அடையாளமாயிற்று.

பாடல்கள்

முதற் பக்கம்

1. "ஹைவே ஸ்டார்" (6 நிமிடம்) - நெடுஞ்சாலையில் விரையும் வாகனம் பற்றியது. 1971-இல் போர்ட்ஸ்மத் நகர நிகழ்ச்சிக்குப் பேருந்தில் செல்லும்போது, பாடல்களை எப்படி இயற்றுகிறீர்கள் என ஒரு செய்தியாளர் கேட்க, அங்கேயே பிளாக்மோர் கித்தாரை எடுத்து இசைக்கத் தொடங்கியதில் பிறந்தது. அன்றிரவே மேடையேறியது.
2. "மேபி ஐ'ம் எ லியோ" (5 நிமிடம்) - நடுத்தர வேகம். தலைப்பிலுள்ள சிம்மராசி கில்லனுடையது.
3. "பிக்சர்ஸ் ஆஃப் ஹோம்" (5 நிமிடம்) - டிரம்ஸில் தொடங்குவது. பேஸ் கித்தாருக்கும் தனிப்பகுதி உண்டு.
4. "நெவர் பிஃபோர்" (4 நிமிடம்) - வெற்றி பெறும் என எதிர்பார்த்து முதலில் தனித்தட்டாக வெளியிடப்பட்ட பாடல்.

இரண்டாம் பக்கம்

5. "ஸ்மோக் ஆன் த வாட்டர்" (5½ நிமிடம்)
6. "லேஸி" (7 நிமிடத்துக்கு மேல்) - பெரும்பகுதி கருவியிசை. கில்லன் ஆர்மோனிகாவும் இசைக்கிறார்.
7. "ஸ்பேஸ் டிரக்கின்" (4½ நிமிடம்) - விண்வெளிப் பயணம் பற்றிய வேடிக்கைப் பாடல்.

இப்பதிவுகளின்போது உருவான "வென் எ பிளைண்ட் மேன் கிரைஸ்" என்னும் மென்மையான பாடல், தொகுப்பில் சேர்க்கப்படாமல் "நெவர் பிஃபோர்" தனித்தட்டின் பின்பக்கத்தில் வெளிவந்தது.

இசையமைப்பு

உரப்பும் ஒலிச்சிதைவும்

வன் ராக் இசையில் முதலில் செவியைத் தாக்குவது கித்தாரின் கரகரத்த ஒலியாகும். இது பழுதன்று, வேண்டுமென்றே உண்டாக்கப்படுவது. மின்கித்தாரின் உலோகக் கம்பி அதிரும்போது, அதன் கீழுள்ள காந்தச் சுருள் அவ்வதிர்வை மின்குறிகையாக மாற்றுகிறது. இக்குறிகை வெற்றிடக் குழாய்களைக் கொண்ட பெருக்கிக்குச் செல்கிறது. பெருக்கி தாங்கக்கூடிய அளவுக்கு மேல் குறிகை வலுவாக இருந்தால், அலையின் முகடுகள் வெட்டுண்டு தட்டையாகின்றன. அவ்வாறு வெட்டுண்ட அலையில், மூலச் சுரத்தின் மடங்குகளான அதிர்வெண்கள் (மேற்சுரங்கள்) புதிதாகச் சேர்கின்றன. ஒலி தடித்து, கூர்மை பெறுகிறது.

இதனால் இன்னொரு பயனும் உண்டு. மீட்டிய கம்பியின் ஒலி இயல்பாக விரைவில் தேய்ந்துவிடும். வெட்டுண்ட அலையிலோ உரத்த பகுதியும் மெல்லிய பகுதியும் ஏறக்குறைய ஒரே அளவாகிவிடுவதால், சுரம் நீண்டு நிற்கிறது. வீணையின் இயல்புடைய ஒரு கருவிக்கு நாகசுரத்தின் கார்வை கிடைக்கிறது எனலாம். பிளாக்மோர் சுரங்களை நீட்டியும் வளைத்தும் வாசிப்பதற்கு இந்த ஒலிச்சிதைவே அடிப்படையாகும்.

ஆர்கனின் இடம்

இத்தொகுப்பை ஒத்த காலத்துப் பிற வன் ராக் தொகுப்புகளிலிருந்து வேறுபடுத்துவது ஜான் லார்டின் ஆமண்ட் ஆர்கன் ஆகும். இது காற்றால் இயங்கும் ஆர்மோனியம் போன்றதன்று. ஒரு மின்னோடியால் சுழலும் 91 பல்சக்கரங்கள் காந்தச் சுருள்களின் முன் சுற்றி மின்குறிகையை உண்டாக்குகின்றன. வழக்கமாக இக்கருவி, சுழலும் ஒலிபெருக்கிப் பெட்டியுடன் தேவாலயங்களிலும் ஜாஸ் குழுக்களிலும் மென்மையாக ஒலிக்கும். லார்ட் அதைக் கித்தாருக்குரிய மார்ஷல் பெருக்கியில் இணைத்தார். அதனால் ஆர்கனும் கித்தாரைப் போலவே உறுமத் தொடங்கியது.

ஆகவே முதன்முறை கேட்பவர் ஆர்கனைக் கித்தார் என்றே நினைத்துவிடக் கூடும். "லேஸி" பாடலின் தொடக்கம் இதற்கு நல்ல எடுத்துக்காட்டு. அங்கே முதலில் உறுமுவது ஆர்கன். கித்தார் பின்னரே நுழைகிறது. இவ்விரண்டையும் பிரித்தறியப் பழகியவுடன் தொகுப்பு முழுவதும் வேறாகக் கேட்கத் தொடங்கும்.

நான்கு சுரங்களின் தொடர்

ஒரு பாடல் முழுவதும் திரும்பத் திரும்ப வந்து அதைத் தாங்கும் குறுந்தொடருக்கு ராக் இசையில் "ரிஃப்" என்று பெயர். "ஸ்மோக் ஆன் த வாட்டர்" பாடலின் ரிஃப் பன்னிரண்டு ஒலிப்புகளைக் கொண்டது. அவற்றில் வரும் சுரங்கள் நான்கே. பாடலின் ஆதாரச் சுரத்தைச் சட்சமாகக் கொண்டால், மற்ற மூன்றும் சாதாரண காந்தாரம், சுத்த மத்தியமம், பிரதி மத்தியமம் ஆகும். முதல் அடி சட்சமத்திலிருந்து சுத்த மத்தியமம் வரை ஏறுகிறது. இரண்டாம் அடி பிரதி மத்தியமத்தைத் தொட்டுச் சுத்த மத்தியமத்துக்கு இறங்குகிறது. மூன்றாம் அடி முதலடியை ஒத்தது. நான்காம் அடி காந்தாரம் வழியாகச் சட்சமத்தில் அமர்கிறது. நான்கடிக்கும் சேர்த்துப் பதினாறு தட்டுகள். ஆதி தாளத்தில் இரண்டு ஆவர்த்தனங்களுக்குச் சமம்.

கர்நாடக இசையின் 72 மேளகர்த்தா அமைப்பில் ஒரு மேளத்துக்கு ஒரு மத்தியமம் மட்டுமே உண்டு. பேகாக், அமீர் கல்யாணி போன்ற சில ராகங்களில் இரண்டும் ஆளப்படுகின்றன. இங்கு வரும் பிரதி மத்தியமம் அமெரிக்கக் கறுப்பின மக்களின் புளூஸ் இசையிலிருந்து வந்தது. அது நிலைத்து நிற்கும் சுரமன்று; இரண்டாம் அடியில் மட்டும் ஒரு கணம் தோன்றி மறையும் உரசல். அதை நீக்கிப் பாடிப் பார்த்தால் தொடர் உயிரற்றுப் போவதை உணரலாம்.

இத்தொடரில் பிளாக்மோர் ஒவ்வொரு சுரத்தையும் தனியே மீட்டாமல், அதற்கு நான்கு நிலை கீழுள்ள சுரத்தையும் சேர்த்து, இரு கம்பிகளை விரல்களால் ஒரே நேரத்தில் மீட்டுகிறார். இதற்கு ஓர் ஒலியியல் காரணம் உண்டு. தொடக்கத்தில் ஒலிக்கும் இரு கம்பிகளின் அதிர்வெண்கள் ஏறத்தாழ 147, 196 எர்ட்சு. இவற்றின் விகிதம் 3:4. ஒலிச்சிதைவின்போது இரண்டின் வேறுபாடாகிய 49 எர்ட்சு அதிர்வெண்ணும் உடன் தோன்றும். அது மேற்சுரத்தின் சரியாக இரண்டு தாயி கீழுள்ள அதே சுரமாகும். எனவே யாரும் வாசிக்காத ஓர் ஆழ்ந்த ஆதாரச் சுரம் தானே எழுகிறது. மாறாக, காந்தாரத்தைச் சேர்த்து மீட்டினால் ஒலி குழம்பும். சம இடைவெளிச் சுருதியமைப்பில் காந்தாரம் இயற்கை விகிதத்திலிருந்து கேட்கும் அளவுக்கு விலகியிருப்பதே காரணம். எளிமையாகத் தோன்றும் இத்தொடர், தன் கருவியின் இயல்பை நன்கு அறிந்தவர் செய்தது.

இப்பாடலில் கருவிகள் ஒவ்வொன்றாக நுழைகின்றன. கித்தார் தனியே தொடங்க, இரட்டைத் தாளத்தட்டும் ஆர்கனும் சேர்ந்து, பின்பு டிரம்ஸ் முழுமை பெற்று, பேஸ் கித்தார் வந்தவுடன் பாடல் தரையில் கால் ஊன்றியது போலாகிறது. ஐந்து கலைஞர்களின் பங்கையும் தனித்தனியே அறிய விரும்புவோர்க்கு இதுவே சிறந்த பாடமாகும்.

தாளமும் எடுப்பும்

இயன் பெய்ஸின் டிரம்ஸ் வாசிப்பு உரத்ததாயினும் கனமற்றது. ஜாஸ் இசையின் துள்ளல் கொண்டது. "லேஸி" பாடலில் ஒவ்வொரு தட்டும் மூன்றாகப் பிளந்து நடக்கிறது. இது நம் இசையில் திசுர நடைக்கு ஒப்பாகும். "ஹைவே ஸ்டார்" பாடலில் அதற்கு மாறாக, நிமிடத்துக்கு ஏறத்தாழ 170 தட்டுகள் என்னும் வேகத்தில் நேரான நடை இடையறாது செல்கிறது.

"மேபி ஐ'ம் எ லியோ" பாடலின் ரிஃப், தாளத்தின் முதல் தட்டில் தொடங்குவதில்லை. தட்டு விழுந்த பின்னரே தொடங்குகிறது. ஜான் லெனனின் பாடலொன்றில் கேட்ட இவ்வமைப்பே தமக்குத் தூண்டுதலாயிற்று எனக் குளோவர் கூறியுள்ளார். ராக் இசையில் அரிதான இவ்வமைப்பு, அனாகத எடுப்பில் அமைந்த கீர்த்தனைகளைக் கேட்டவர்களுக்குப் பழக்கமானதே. கையால் தாளம் போட்டுக்கொண்டு கேட்டால் இது தெளிவாகும்.

தனிவாசிப்புகள்

"ஹைவே ஸ்டார்" பாடலில் முதலில் ஆர்கனும் பின்பு கித்தாரும் நீண்ட தனிவாசிப்புகளைப் பெறுகின்றன. ராக் இசையில் தனிவாசிப்பு பெரும்பாலும் அப்போதைக்கப்போது கற்பனையில் எழுவது. ஆனால் இக்கித்தார்ப் பகுதியைப் பிளாக்மோர் சுரம் சுரமாக முன்கூட்டியே அமைத்து வைத்திருந்தார். அதன் நடுவே வரும் விரைந்த படிவரிசை, செருமானிய இசைமேதை பாக் காலத்து இசைநகர்வை ஒட்டியது. இதுவே பின்னாளில் செவ்வியல் சாயல் கொண்ட வன் ராக் கித்தார் இசைக்கு முன்மாதிரியாயிற்று. பாக் இசையை வேறொரு மரபுக்குள் கொணர்ந்த முயற்சிக்குத் தமிழில் அறியப்பட்ட எடுத்துக்காட்டு, தியாகராசருக்கும் பாக்குக்கும் காணிக்கையாக இளையராஜா 1986-இல் வெளியிட்ட "ஹவ் டு நேம் இட்?" தொகுப்பாகும். இரண்டும் வெவ்வேறு வழிகள். எனினும் அதைக் கேட்டவர்கள் பிளாக்மோரின் படிவரிசையை எளிதில் இனங்காண்பர்.

தமிழ்ச் சூழலில்

வன் ராக் இசைமீது பொதுவாகச் சொல்லப்படும் குற்றச்சாட்டு, அது இரைச்சல் என்பதாகும். டீப் பர்ப்பிள் குழுவே 1972-இல் இலண்டன் ரெயின்போ அரங்கில் 117 டெசிபெல் அளவுக்கு ஒலியெழுப்பியதற்காகக் கின்னஸ் நூலில் இடம்பெற்றதால், இக்குற்றச்சாட்டை முற்றிலும் மறுக்க இயலாது. அத்தகைய ஒலி செவிக்குக் கேடு விளைவிக்கக் கூடியதே.

ஆயினும் உரத்த ஒலியும் உயர்ந்த இசையும் ஒன்றுக்கொன்று பகையல்ல என்பதைத் தமிழ் மரபே காட்டுகிறது. உத்திரமேரூர், காஞ்சிபுரம் போன்ற ஊர்களின் கோயில் திருவிழாக்களில் சுவாமி புறப்பாட்டின்போது இசைக்கப்படும் பெரிய மேளம், திறந்த வெளிக்கென்றே உருவான இசையாகும். ஒலிபெருக்கி இல்லாத காலத்தில் நாகசுரமும் தவிலும் நான்கு மாட வீதிகளுக்கும் கேட்டன. தவில்காரர் விரல்களில் கூடு அணிந்து ஒரு பக்கமும், கழியால் மறுபக்கமும் வாசிப்பது ஒலியின் வன்மைக்காகவே. அவ்வன்மைக்குள் நுண்ணிய ராக ஆலாபனையும் சிக்கலான கணக்கும் உள்ளன. அதை அருகில் நின்று கேட்பவர் முதலில் உணர்வது உரப்பு. நின்று கேட்டால் உணர்வது இசை. மெசின் ஹெட் தொகுப்பையும் அவ்வாறு நின்று கேட்க வேண்டும்.

கச்சேரியில் பாடகர் ஒரு கற்பனாசுரத்தைப் பாட, வயலின் அதை வாங்கித் திருப்பித் தருவது வழக்கம். "லேஸி", "ஹைவே ஸ்டார்" பாடல்களில் ஆர்கனும் கித்தாரும் இவ்வாறே ஒன்றையொன்று தொடர்கின்றன. வேறுபாடும் உண்டு. நம் இசையில் ராகம் விரிகிறது. இங்கே விரிவது ராகமன்று, கருவிகளின் ஒலித்தன்மையும் தாளத்தின் அழுத்தமும் ஆகும். ராக விரிவை இங்கு எதிர்பார்த்தால் ஏமாற்றமே மிஞ்சும்.

இந்தியாவில் இத்தொகுப்பின் பாடல்கள் இசைத்தட்டு, ஒலிநாடா வழியாகப் பரவின. சென்னை இந்தியத் தொழில்நுட்பக் கழகத்தின் மார்டி கிரா (1996 முதல் சாரங்) போன்ற கல்லூரி விழாக்களின் வழியாக ராக் இசை தமிழ்நாட்டு மாணவர்களிடையே வேரூன்றியது. 1995 ஏப்ரலில் டீப் பர்ப்பிள் பம்பாயில் இசைத்த நிகழ்ச்சி ஒளிப்பதிவாகவும் வெளிவந்துள்ளது. அப்பொழுது பிளாக்மோர் குழுவில் இல்லை. அவருக்குப் பதிலாக ஸ்டீவ் மோர்ஸ் கித்தார் வாசித்தார்.

வரவேற்பு

தொகுப்பு இங்கிலாந்து விற்பனைப் பட்டியலில் முதலிடத்தையும், அமெரிக்காவில் ஏழாம் இடத்தையும் பெற்றது. தனித்தட்டாக வெளியிடப்பட்ட "நெவர் பிஃபோர்" இங்கிலாந்தில் 35-ஆம் இடத்துக்கு மேல் செல்லவில்லை. "ஸ்மோக் ஆன் த வாட்டர்" அமெரிக்காவில் 1973-இல்தான் தனித்தட்டாக வந்து, நான்காம் இடத்தைப் பிடித்தது. எதை மக்கள் விரும்புவர் என்பதைப் படைத்தவர்களாலும் கணிக்க முடியவில்லை என்பதற்கு இது சான்றாகும்.

1972 ஆகத்தில் ஓசாகா, தோக்கியோ நகரங்களில் நிகழ்ந்த கச்சேரிகளின் பதிவான "மேட் இன் ஜப்பான்" தொகுப்பில் மெசின் ஹெட்டின் நான்கு பாடல்கள் இடம்பெற்றன. நான்கரை நிமிடப் பாடலான "ஸ்பேஸ் டிரக்கின்" அங்கு ஏறத்தாழ இருபது நிமிடங்களுக்கு விரிகிறது. இரு பதிவுகளையும் அடுத்தடுத்துக் கேட்பது, எது அமைக்கப்பட்டது, எது மேடையில் கற்பனையாக எழுந்தது என்பதை அறிய உதவும்.

குறைகள்

தொகுப்பின் பாடல்வரிகள் அதன் இசைக்கு ஈடாக இல்லை. "ஹைவே ஸ்டார்" வாகனத்தையும் பெண்ணையும் ஒரே நிலையில் வைத்து, இரண்டையும் உடைமையாகப் பேசுகிறது. "ஸ்பேஸ் டிரக்கின்" வேடிக்கைக்கு அப்பால் செல்வதில்லை. "நெவர் பிஃபோர்", வானொலிக்கென அளவெடுத்துச் செய்தது போன்று, மற்ற பாடல்களின் ஓட்டத்திலிருந்து விலகி நிற்கிறது. வரிகளால் நிற்கும் ஒரே பாடல், நடந்ததை அலங்காரமின்றிச் சொல்லும் "ஸ்மோக் ஆன் த வாட்டர்" ஆகும்.

கேட்கும் முறை

புதிதாகக் கேட்பவர்களுக்குப் பின்வரும் வரிசை பயன்படலாம்.

* முதலில் "ஸ்மோக் ஆன் த வாட்டர்". கருவிகள் நுழையும் வரிசையை மட்டும் கவனிக்கவும்.
* அடுத்து "லேஸி". ஆர்கன் எது, கித்தார் எது எனப் பிரித்தறியவும்.
* மூன்றாவதாக "பிக்சர்ஸ் ஆஃப் ஹோம்". பெரும்பாலும் பின்னணியில் மறையும் பேஸ் கித்தார் இதில் முன்வரும் இடத்தைக் காணவும்.
* பின்னர் தொகுப்பை முதற் பாடலிலிருந்து இறுதிவரை, இடையில் நிறுத்தாமல் கேட்கவும்.

கைப்பேசியின் சிறிய ஒலிபெருக்கியில் பேஸ் கித்தாரின் தாழ்சுரங்கள் ஏறக்குறைய முற்றிலும் மறைந்துவிடும். எனவே செவிப்பொறியோ நல்ல ஒலிபெருக்கியோ தேவை. ஒலியளவை மிகுதியாக வைக்க வேண்டியதில்லை. உரப்பு என்பது ஒலிப்பதிவிலேயே உள்ளது. மிதமான அளவிலும் அது தெரியும்.

பின்னாளில்

மெசின் ஹெட்டை உருவாக்கிய ஐவரின் கூட்டு நீடிக்கவில்லை. 1973-இல் கில்லனும் குளோவரும் விலகினர். 1984-இல் ஐவரும் மீண்டும் இணைந்தனர். 1993-இல் பிளாக்மோர் இறுதியாக விலகினார். எரிந்த கேளிக்கை மாளிகை மீண்டும் கட்டப்பட்டு 1975-இல் திறக்கப்பட்டது. ஜான் லார்ட் 2012-இலும், குளோட் நோப்ஸ் 2013-இலும், மார்ட்டின் பிர்ச் 2020-இலும் காலமாயினர். 2016-இல் டீப் பர்ப்பிள் அமெரிக்காவின் ராக் அண்ட் ரோல் புகழ் மண்டபத்தில் சேர்க்கப்பட்டது.

தொகுப்பின் 25-ஆம் ஆண்டு நிறைவையொட்டி 1997-இல் வெளிவந்த பதிப்பில் குளோவர் பாடல்களை மூல ஒலிநாடாக்களிலிருந்து புதிதாகக் கலந்தமைத்தார். விடுபட்ட "வென் எ பிளைண்ட் மேன் கிரைஸ்" பாடலும் அதில் சேர்க்கப்பட்டது. ஐம்பதாம் ஆண்டைக் குறித்து 2024-இல் வெளிவந்த பதிப்பின் புதிய ஒலிக்கலவையைச் செய்தவர் டுவீசில் ஸாப்பா. 1971 டிசம்பர் 4 அன்று மொன்ட்ரோ மேடையில் தன் கருவிகள் அனைத்தையும் தீயில் இழந்த ஃபிராங்க் ஸாப்பாவின் மகன் இவர்.